பதினொன்றாம் எண் கூண்டு

வணக்கம். மழைக்காலம் ஆரம்பிக்கும் முன்பே இந்தக் கூட்டத்தை வைத்ததற்கு முதலில் நன்றி. பேரிடரைப் பற்றிப் பேச என்னை வழக்கமாகக் கூப்பிடுவது முழங்கால் தண்ணீர் வடிந்த மறுவாரம்தான்.

துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். 1, 3, 8 என்று எண் ஏற ஏற நமக்கு வயிற்றைப் பிசையும். 10 என்றால் பெரிய அபாயம். ஆனால் அதற்கு மேலே 11 என்று ஒன்று இருக்கிறது, தெரியுமா? அது காற்றின் வேகத்தைச் சொல்வதே இல்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி உள்ளூர் அதிகாரி வானத்தைப் பார்த்துத் தானே முடிவெடுக்கிறார் என்று அர்த்தம். அந்தக் காலத்து ஆட்கள் எதை உச்சியில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

நான் முப்பது வருஷம் வருவாய்த் துறையில் இருந்தவன், பாதிக் காலம் கடலோரத் தாலுகாக்களில். பேரிடர் மேலாண்மை என்றால் ஹெலிகாப்டரும் ரப்பர் படகும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் மாநில அவசரகாலச் செயல்பாட்டு மையம் என்று ஒன்று இருக்கிறது, உள்ளே போனால் நீங்கள் பார்ப்பது திரைகளும் போன்களும்தான். 1070 அடித்தால் அங்கே எடுப்பார்கள், 1077 அடித்தால் உங்கள் கலெக்டர் ஆபீசில் எடுப்பார்கள். படகு தீயணைப்புத் துறையுடையது, மீன்வளத் துறையுடையது, பாதி நேரம் மீனவர்களுடையது. பள்ளிக்கூடம் கல்வித் துறையுடையது. பொக்லைன் பெரும்பாலும் யாரோ ஒரு கான்ட்ராக்டருடையது. தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வர வேண்டும். ஆக, பேரிடரை நடத்த வேண்டிய அலுவலகத்துக்குச் சொந்தமாக அனேகமாக எதுவுமே கிடையாது. எல்லாவற்றையும் மற்றவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும். அதற்குத்தான் சட்டம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போன பிறகு, 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. மாநில ஆணையத்துக்கு முதலமைச்சர் தலைவர், செயற்குழுவுக்குத் தலைமைச் செயலாளர், மாவட்டத்துக்கு கலெக்டர். அவசரத்தில் தனியார் வண்டியையும் கட்டடத்தையும் எடுத்துப் பயன்படுத்தும் அதிகாரம்கூட அதில் இருக்கிறது. ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சட்டப் புத்தகத்தைக் காட்டி ஒரு பொக்லைன் டிரைவரை எழுப்ப முடியாது, அவருடைய நம்பர் வேண்டும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 4,133 இடங்களை வெள்ளம், புயலால் பாதிக்கக்கூடியவை என்று குறித்து, மிக அதிகம், அதிகம், மிதம், குறைவு எனப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முகாம், ஒரு பொறுப்பாளர், முதல் தகவல் தரும் உள்ளூர்க்காரர்கள், ஜெனரேட்டர் யாரிடம், மரம் அறுக்கும் மெஷின் யாரிடம், நீந்தத் தெரிந்தவர் யார், பாம்பு பிடிப்பவர் யார் என்று பட்டியல். ஆகஸ்ட், செப்டம்பரில் வி.ஏ.ஓ.வும் (கிராம நிர்வாக அலுவலர்) ஆர்.ஐ.யும் (வருவாய் ஆய்வாளர்) இதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தோம் என்று நாங்கள் கையெழுத்துப் போடுவோம். எப்படிப் புதுப்பித்தோம்? போன வருஷத்துத் தாளில் வருஷத்தை மட்டும் மாற்றி. ஒளிப்பானேன்.

ஒரு கடலோரக் கிராமத்தில் ஒத்திகை. ஒத்திகை என்றால் தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி ஒருவரை இறக்குவார்கள், போட்டோ எடுப்போம், டீ குடிப்போம், அறிக்கை அனுப்புவோம். அந்த முறை புதிதாக வந்திருந்த ஒரு பயிற்சித் துணை ஆட்சியர், சின்னப் பெண், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சரி சார், இப்ப ராத்திரி ரெண்டு மணின்னு வச்சுக்குவோம். முகாமைத் திறங்க" என்றார். பட்டியலில் முகாம் என்று இருந்தது ஊர்ப் பள்ளிக்கூடம். அன்று ஞாயிற்றுக்கிழமை, கேட்டில் பூட்டு. தலைமை ஆசிரியர் இருபது கிலோமீட்டர் தள்ளி டவுனில், சாவி அவர் பையில். இன்னொரு சாவி வாட்ச்மேனிடம் என்று எழுதியிருந்தது, அவர் ரிட்டயர் ஆகி மூன்று வருஷம். அவர் நம்பரை அடித்தால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையன் எடுக்கிறான், நம்பர் கைமாறி அவனிடம் போயிருக்கிறது. "நீங்க அஞ்சாவது ஆள் சார், வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி யாராவது கூப்பிடுறீங்க" என்றான் பாவம். கூட்டத்தில் நின்றிருந்த சத்துணவு அமைப்பாளர் அம்மா முந்தானையில் முடிந்திருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து நீட்டினார். அவர் பெயர் எங்கள் பட்டியலில் எங்குமே இல்லை. அன்று சாயங்காலமே வாட்ச்மேன் பெயரை அடித்துவிட்டு அந்த அம்மாவின் பெயரையும் நம்பரையும் எழுதினோம்.

இதை ஊர்க்கதை என்று நினைக்காதீர்கள். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எச்சரிக்கை அறிவிப்பு இருந்தது, கடலுக்குப் போகாதீர்கள் என்று சொன்னார்கள். ஆனால் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் மீனவர்கள் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள் அவர்கள். படகிலிருந்த வயர்லெஸ் கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் எட்டும், அதற்கப்பால் செல்போனும் கிடையாது. காற்றழுத்தத் தாழ்வு சில மணி நேரத்தில் புயலாகிவிட்டது. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல வழியே இல்லாதபோது அந்த அறிவிப்பு யாருக்கு? கரையில் உறவினர்கள் சாலையில் உட்கார்ந்த பிறகுதான், செயற்கைக்கோள் மூலம் படகுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளைப் பற்றி நாம் உருப்படியாகப் பேச ஆரம்பித்தோம்.

2023 டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டினால் எந்தத் திட்டமும் மூச்சுத் திணறும், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோயிற்று, சுமார் 800 பயணிகள், சுற்றிலும் தண்ணீர், தண்டவாளத்துக்குக் கீழே மண்ணே இல்லை. ஹெலிகாப்டர் வரும்வரை அவர்களுக்குச் சோறு போட்டது யார்? பக்கத்து ஊர்க்காரர்கள், கோயிலில் இருந்த அரிசியை எடுத்து, அண்டாவில் பொங்கி. முன்கூட்டிச் சரியாகச் சொல்லவில்லை என்று மாநில அரசும், சொன்னோமே என்று வானிலை மையமும் அப்புறம் பேசிக்கொண்டதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

கஜா புயலுக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அதற்கு முன்னாலேயே 80,000-க்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டுவந்தாயிற்று. எதிர்க்கட்சித் தலைவரே பாராட்டினார், அது நம் ஊரில் நடக்கிற காரியமா! ஆனால் விடிந்ததும் கதை வேறு. லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாததால் செல்போன் டவர் இல்லை, டவர் இல்லாததால் எந்த ஊரில் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் முப்பது வருஷத் தென்னைகள் பென்சில் மாதிரி முறிந்து கிடந்தன. உயிரைக் காப்பாற்றினீர்கள், இனி எதை வைத்துப் பிழைப்பது என்று கேட்டவர்கள் எங்கள் ஜீப்புகளை மறித்தார்கள். சில இடங்களில் நாங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டதில் தப்பில்லை. ஆட்களை வெளியேற்ற நம்மிடம் திட்டம் இருந்தது, மறுநாள் காலைக்கு இல்லை. கூண்டு 11 ஏறிய நிலைமை, ஆனால் இந்த முறை நிலத்தில்.

என் தாலுகாவில் அந்த ராத்திரி ஒரு மணிக்கு மேல் யாரோடும் பேச முடியவில்லை. போலீஸ் வயர்லெஸ்ஸில் மட்டும் அவ்வப்போது இரண்டு வார்த்தை வரும், அப்புறம் இரைச்சல். அந்த ஒத்திகை நடந்த கிராமத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. காலையில் கிளம்பினோம். வழியெல்லாம் புளியமரங்கள். இரண்டு மெஷினை வைத்துக்கொண்டு அறுத்து ஒதுக்கி அறுத்து ஒதுக்கி, பதினாலு கிலோமீட்டர் போவதற்கு மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தின் ஓடுகள் பாதி பறந்திருந்தன, கான்கிரீட் போட்ட இரண்டு வகுப்பறைகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. சத்துணவுக்கூடத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஆட்டோவில் மைக் கட்டி வி.ஏ.ஓ. சொல்லிக்கொண்டு போனதுமே, யார் உத்தரவுக்கும் காத்திருக்காமல், ஆறு மணிக்கே கேட்டைத் திறந்து உலை வைத்துவிட்டார் அந்த அம்மா. எங்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அரிசி தீரப்போகுது சார், கணக்கு எந்த நோட்டுல எழுதணும்?"