ரன் வேறு, வொர்க்கர் வேறு!

வணக்கம் மக்களே! நியூயார்க்கிலேயே ரொம்ப பிஸியான ஃபயர்ஹவுஸ் (தீயணைப்பு நிலையம்) எது என்று ஒரு பட்டியல் சுற்றுகிறதே, அதை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. யார் எத்தனை முறை வண்டியை வெளியே எடுத்தார்கள் என்று மட்டும் எண்ணியிருக்கிறார்கள்.

நம் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பெனி என்றால் ஒரு வண்டியும் அதன் தீயணைப்பு வீரர் குழுவும். தண்ணீரும் ஹோஸும் எஞ்சின் கம்பெனியின் பொறுப்பு. கதவை உடைத்து ஆளைத் தேடுவதும் கூரையைத் திறந்து புகையை வெளியேற்றுவதும் லேடர் கம்பெனியின் பொறுப்பு. 1990களிலிருந்து எஞ்சின்காரர்கள் மாரடைப்பு, மூச்சுத்திணறல் அழைப்புகளுக்கும் ஓடுகிறார்கள். உயிர் காக்கிற வேலை, கும்பிடுகிறேன். ஆனால் அதையும் தீயையும் ஒரே கணக்கில் சேர்த்தால் எப்படி? மணி அடித்துக் கிளம்பினால் ரன். போன இடத்தில் நிஜமாகவே எரிந்து, இறங்கி வேலை பார்த்தால்தான் வொர்க்கர். அந்த வீரர்களே அப்படித்தான் பிரித்துப் பேசுவார்கள்.

என் ஓட்டு எப்போதும் நியூயார்க்கின் சவுத் பிராங்ஸ் பகுதியில், இண்டர்வேல் அவென்யூவின் எஞ்சின் 82, லேடர் 31-க்குத்தான். 1960களின் கடைசியிலும் 70களிலும் அந்த வட்டாரமே எரிந்தது. நிஜத் தீ போதாதென்று, தெருமுனை அலாரம் பெட்டியை இழுத்துவிட்டு ஓடுகிறவர்கள் வேறு! அந்த நேரத்தில் போய் நகர நிர்வாகம் காசில்லை என்று கம்பெனிகளை மூடியது, அதுவும் எரிகிற பகுதிகளில். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சரி, இந்த டி-ஷர்ட்டைப் பாருங்கள்! மன்ஹாட்டனில் எட்டாவது அவென்யூவும் 48-வது தெருவும் சேரும் இடத்தில் எஞ்சின் 54, லேடர் 4. அங்கேயே வாங்கினேன், 25 டாலர். கடைசி எக்ஸ்எல் எனக்குத்தான். 'ஒரு காட்சியையும் தவறவிட்டதில்லை' என்று அவர்கள் சின்னத்தில் எழுதியிருக்கும். சுற்றிலும் பிராட்வே தியேட்டர்கள், அதனால்தான்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். 2001 செப்டம்பர் 11-இல் இந்த ஒரே ஃபயர்ஹவுஸ் 15 பேரை இழந்தது. வேலையில் இருந்த ஒருவர்கூடத் திரும்பவில்லை. அதை எந்தப் பட்டியலில் எந்த இடத்தில் வைப்பீர்கள்?

அடுத்த வீடியோ பிராங்ஸிலிருந்து. கமெண்டில் உங்கள் கம்பெனியைச் சொல்லுங்கள், ரன்னையும் வொர்க்கரையும் தனித்தனியாக எழுதுங்கள்.