ஸ்டியரிங் நடுங்குதா? வீல் அலைன்மென்ட்டுக்கு ஓடாதீங்க!

வண்டி 80 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்குகிறதா? "அலைன்மென்ட் போயிருக்கும் சார்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அந்த நடுக்கம் பெரும்பாலும் வீல் பேலன்சிங் கோளாறு. அதற்கு ரிம்மில் சின்ன எடை வைத்துச் சரிசெய்வார்கள். அலைன்மென்ட் என்பது சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்ற கணக்கு. வேலையும் வேறு, பில்லும் வேறு.

கோணங்கள் மூன்று: கேம்பர், காஸ்டர், டோ. முதல் இரண்டையும் இப்போதைக்கு விடுங்கள். டயரை அதிகம் தின்பது டோதான். மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே திரும்பியிருக்கிறதா? அவ்வளவுதான் டோ.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. ஒரு சக்கரம் நேர் திசையிலிருந்து வெறும் அரை டிகிரி திரும்பியிருக்கிறது என்று வையுங்கள். கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனால் வண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அந்த டயர் கணக்குப்படி 8.7 மீட்டர் பக்கவாட்டில் தேய வேண்டியிருக்கும். 10,000 கி.மீ. ஓட்டினால்? 87 கி.மீ.! ரப்பர் வளைந்துகொடுத்துக் கொஞ்சம் சமாளிக்கும், ஆனாலும் மிச்சத்தைக் கட்டுவது உங்கள் பர்ஸ்தான்.

இதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். வண்டியை நிறுத்திவிட்டு, டயருக்குள் இருக்கும் கம்பி ஏதும் வெளியே தெரியவில்லை என்று பார்த்துக்கொண்டு, டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியே மெதுவாகத் தடவுங்கள். அப்புறம் வெளியிலிருந்து உள்ளே. ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பு, எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி விரலில் இடறுகிறதா? டோ மேல் சந்தேகப்படுங்கள். வீடியோவை நிறுத்திவிட்டு இப்போதே போய்ப் பாருங்கள், நான் எங்கேயும் போகமாட்டேன்.

பார்த்தாச்சா? சரி, ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி வைத்து உள் ஓரத்தையும் பாருங்கள். வெளியே புத்தம் புதுசாக இருக்கும் டயர் உள்ளே மொட்டையாக இருக்கும்! ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம்.

வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? முதலில் காற்றைப் பாருங்கள். பிறகு முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போடுங்கள் (ஒரே திசையில் மட்டும் சுற்ற வேண்டிய டயர் என்றால் வேண்டாம்). இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான்.

நேரான சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது, பெரிய பள்ளத்தில் 'டமார்' என்று இறங்கியது, சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகங்களான டை ராட் எண்டோ லோயர் ஆர்மோ மாற்றினீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், அலைன்மென்ட்டுக்குப் போய்விடுங்கள். ஆனால் பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை இணைப்பு) ஆடினால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள், ஆடுகிற இணைப்பை வைத்துக்கொண்டு கோணம் வைப்பது வெட்டி வேலை. சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகள் உள்ள பிரிண்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் எல்லா அளவும் பச்சையாக, அதாவது சரியாக, இருந்தும் ஸ்டியரிங் கோணலாகவே இருந்தால், வண்டியைத் திரும்பவும் மெஷினில் ஏற்றச் சொல்லுங்கள்.