ஹாலஜன் ஸ்பாட்லைட் எரியவில்லையா? பல்பை மாற்றும் முன் ஹோல்டரைப் பாருங்கள்

[காட்சி: ஃபால்ஸ் சீலிங்கில் வரிசையாக நான்கு ஸ்பாட்லைட். மூன்று எரிகின்றன, ஒன்று இருட்டு.]

வணக்கம். நான்கில் ஒன்று எரியவில்லை. உடனே என்ன செய்வோம்? புது பல்ப் வாங்கி மாட்டுவோம். எரியும். இரண்டு மாதம் கழித்து அதே இடம் மறுபடியும் இருட்டாகும். என் வீட்டில் ஒரே இடத்தில் இப்படி மூன்று பல்ப் மாற்றினேன். மூன்றாவதைத் தூக்கி எறிய மனமில்லாமல் பக்கத்து ஹோல்டரில் செருகிப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. அப்போதுதான் கூரைக்குள் இருந்த ஹோல்டரை வெளியே இழுத்துப் பார்த்தேன்.

[காட்சி: கையில் பழைய ஹோல்டர், மிக அருகில்.]

இதோ பாருங்கள். வெள்ளை செராமிக்கில் இரண்டு துளைகள். ஒன்றுக்குள் உலோகம் மினுங்குகிறது. இன்னொன்றைச் சுற்றிப் பழுப்பு வளையம், உள்ளே கரி. இந்தத் துளைக்குள் இருந்த பல்ப் பின்னையும் பாருங்கள்: நிறம் மங்கி, சின்னச் சின்னக் குழிகளுடன் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்த ஒயரின் உறை விறைத்துப் போய், வளைத்தால் பொடிப்பொடியாக உதிர்கிறது.

இந்த ஸ்பாட்லைட்டுகள் வீட்டின் 230 வோல்ட்டை ஒரு டிரான்ஸ்பார்மர் குறைத்துத் தரும் 12 வோல்ட்டில் எரிபவை. 12 வோல்ட்தானே, இவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது?

[காட்சி: வெள்ளைப் பலகையில் கணக்கு.]

50 வாட் பல்ப் ஒன்றை 230 வோல்ட்டில் எரித்தால் 0.22 ஆம்பியர் போதும். அதே 50 வாட்டை 12 வோல்ட்டில் எடுக்க வேண்டுமானால் 4.2 ஆம்பியர், கிட்டத்தட்ட 19 மடங்கு. சூடு கரன்ட்டின் வர்க்கத்தோடு ஏறும். பின்னும் ஹோல்டரும் தொடும் இடத்தில், அதாவது கான்டாக்டில், வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலும், 230 வோல்ட் பல்பில் அது ஒரு பொருட்டே இல்லை. இங்கே அந்த ஊசிமுனை இடத்தில் 1.7 வாட் சூடு உண்டாகிறது. மேலே பல்பின் சொந்தச் சூடு வேறு. சூட்டில், துளைக்குள் பின்னைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். ஒருமுறை ஆரம்பித்தால் தானாக நிற்காது.

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் லூஸ் கனெக்‌ஷன் தீப்பிடிக்க 12 வோல்ட் தாராளமாகப் போதும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிரான்ஸ்பார்மரின் இன்னொரு பக்கத்தில் மெயின் லைனே இருக்கிறது. அதனால் கூரைக்குள் கை விடும் முன் மின்பெட்டியில் உள்ள எம்.சி.பி. சுவிட்சை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, பல்ப் ஆறப் பத்து நிமிடம் பொறுங்கள்.

[காட்சி: எரியாத பல்பும் பக்கத்து பல்பும் இடம் மாறுகின்றன.]

சோதனையை இடம் மாற்றிப் பார்ப்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். எரியாத பல்ப் பக்கத்து ஹோல்டரில் எரிந்தால் பல்ப் நல்லது. ஹோல்டரையோ ஒயரையோ சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனி டிரான்ஸ்பார்மர் இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாமே ஒரே நேரத்தில் அணைந்திருந்தால் பல்பைத் தொடவே வேண்டாம், பொது டிரான்ஸ்பார்மருக்குப் போங்கள். முன்கண்ணாடி இல்லாத பல்ப் என்றால் உள்ளே இருக்கும் சின்னக் குப்பியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை அந்தச் சூட்டில் குப்பியின் குவார்ட்ஸ் கண்ணாடியைக் கெடுத்துவிடும். துணியால் பிடியுங்கள்.

[காட்சி: மல்டிமீட்டர், பல்பின் இரண்டு பின்களில்.]

மீட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். முதலாவது: ஆறிய 50 வாட் பல்ப் அரை ஓமுக்கும் கீழே காட்டும். அது ஷார்ட் இல்லை. எரியும்போதுதான் இழை சூடாகி 3 ஓம் அருகே போகும். இரண்டாவது இன்னும் முக்கியம். எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மரிலிருந்து வருவது பல்லாயிரம் ஹெர்ட்ஸ் வேகத்தில் மாறும் மின்சாரம். சாதாரண மீட்டரால் அதைச் சரியாக அளக்க முடியாது. லோடு இல்லாமல், அதாவது பல்ப் எதுவும் இணைக்காமல், டிரான்ஸ்பார்மர் வேலையே தொடங்காமலும் இருக்கலாம். மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது என்று நல்ல டிரான்ஸ்பார்மரைத் தூக்கிப் போடாதீர்கள். எரியும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பல்பை இணைத்துப் பாருங்கள், அதுதான் நம்பகமான சோதனை.

[காட்சி: டிரான்ஸ்பார்மர் லேபிள், "20–60 வாட்".]

இந்த லேபிளில் இரண்டு எண்களுமே கட்டாயம்: பல்புகளின் மொத்த வாட் 20-க்குக் குறையவும் கூடாது, 60-ஐத் தாண்டவும் கூடாது. இரண்டு 50 வாட் பல்பு போட்டால் 100 வாட், கொதித்துப் போகும். பல டிரான்ஸ்பார்மர்களில் சூடு ஏறினால் தானே அணையும் ஏற்பாடு உண்டு. அரை மணி நேரம் எரிந்து, அணைந்து, கொஞ்ச நேரத்தில் தானாக மறுபடி எரிகிறதா? லோடு அதிகமா, அல்லது வெப்பம் தடுக்கும் பஞ்சு அதன்மேல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை 5 வாட் எல்.இ.டி. மாட்டினால் 20-க்குக் கீழே போய்விடும், மினுக்கல் அதனால்தான்.

கனமான பழைய இரும்பு டிரான்ஸ்பார்மரில் பல பல்புகள் இருந்தால், ஒன்று போனதும் மற்றவற்றுக்கு வோல்டேஜ் கூடும். 5 சதவீதம் கூடினாலே ஹாலஜனின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். போனதை அப்படியே விட்டுவைத்தால் மீதியும் சீக்கிரம் போகும்.

கடைசி விளக்கு மட்டும் மஞ்சளாக மங்கினால் ஒயரைப் பாருங்கள். 1.5 சதுர மி.மீ. ஒயரில் 5 மீட்டர் தூரத்துக்கு ஒரு பல்ப் அரை வோல்ட்டைத் தின்னும். அந்த ஒயரின் கடைசி முனையில் நான்கையும் சேர்த்து மாட்டினால் 2 வோல்ட் போய்விடும்.

[காட்சி: புது செராமிக் ஹோல்டர் இணைக்கப்படுகிறது.]

கரி பிடித்த ஹோல்டரை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி போடாதீர்கள். ஸ்பிரிங்கின் இறுக்கம் போய்விட்டது, அது திரும்பாது. ஒயரோடு சேர்ந்தே வரும் புது ஹோல்டரை வாங்குங்கள். பழைய ஒயரில் செம்பு கறுத்த பகுதியை, பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி எடுங்கள். அப்புறம் சூடு தாங்கும் கனெக்டரில் ஸ்க்ரூவை நன்றாக முறுக்குங்கள். பல்பையும் சேர்த்தே மாற்றுங்கள். குழி விழுந்த பழைய பின் புது ஹோல்டரையும் கெடுத்துவிடும்.

[காட்சி: விளக்கு எரிகிறது.]

அரை மணி நேரம் எரியவிடுங்கள். எம்.சி.பி.யை அணைத்து, பல்ப் ஆறியதும் ஹோல்டரை வெளியே இழுத்து, கனெக்டர் பக்கம் மூக்கைக் கொண்டுபோங்கள். கருகல் வாடை வந்தால் ஸ்க்ரூ இன்னும் பிடிக்கவில்லை. கழற்றி மறுபடி முறுக்குங்கள்.