கடைசி மணிக்குப் பிறகு

நேயர்களுக்கு வணக்கம். நியூயார்க்கில் பிராங்ஸ் சயின்ஸ் என்று ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. 1938-ல் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று தொடங்கிய பள்ளி. கட்டணம் கிடையாது. அங்கே படித்தவர்களில் ஒன்பது பேர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்கள், அதில் ஏழு பேர் இயற்பியலுக்காக. பல நாடுகளுக்கே வாய்க்காத கணக்கு இது.

இதைக் கேட்டதும், பிள்ளைகளை எப்படிக் கசக்கிப் பிழிந்திருப்பார்களோ என்று தோன்றும். பாடங்கள் கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் பேச வந்தது கடைசி மணி அடித்த பிறகு அங்கே நடப்பதைப் பற்றி.

1940-களின் கடைசியில் அந்தப் பள்ளியில் அறிவியல் புனைகதை மன்றம் ஒன்று இருந்தது. அதில் ஷெல்டன் கிளாஷோ, ஸ்டீவன் வைன்பெர்க், ஜெரால்ட் ஃபைன்பெர்க் என்று மூன்று பையன்கள். 1950-ல் ஒன்றாகப் படிப்பை முடித்தவர்கள். பள்ளிக்குப் போகவர சுரங்க ரயில் பயணம். மற்ற இரண்டு பேரும் தூண்டிவிட்டதால் அந்த ரயிலிலேயே இயற்பியல் படித்ததாகக் கிளாஷோ எழுதியிருக்கிறார். நினைத்துப் பாருங்கள், ஆசிரியரும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. நண்பனுக்குத் தெரிந்தது தனக்கும் தெரிய வேண்டுமே என்ற தவிப்பு மட்டும்தான். 1979-ல் கிளாஷோவும் வைன்பெர்க்கும் அப்துஸ் சலாமோடு சேர்ந்து இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒளியைவிட வேகமாகப் போகக்கூடிய கற்பனைத் துகளுக்கு டேக்கியான் என்று பெயர் வைத்தவர் ஃபைன்பெர்க்.

அறிவியல் பள்ளி என்றால் அறிவியல் மட்டும்தானா? அமெரிக்க நாவலாசிரியர் ஈ. எல். டாக்டரோவின் முதல் கதை வெளிவந்தது அந்தப் பள்ளியின் இலக்கியப் பத்திரிகையில்தான். வானியல் அறிஞர் நீல் டிகிராஸ் டைசன் அங்கே மல்யுத்த அணியின் தலைவர். அதே சமயம் பள்ளியின் அறிவியல் இதழுக்கும் ஆசிரியர். விளையாடினால் படிப்பு கெட்டுவிடும் என்று பயப்படும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

1946-ல் பெண்பிள்ளைகளையும் சேர்க்க ஆரம்பித்தார்கள். அப்படி அங்கே படிக்க வந்த கிளாடியா கோல்டின், உழைப்புச் சந்தையில் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2023-ல் பொருளாதார நோபல் பெற்றார். கதவு ஆண்களுக்கு மட்டும் என்றே இருந்திருந்தால், அந்தப் பெயர் இந்தப் பள்ளியின் பட்டியலில் இருந்திருக்காது.

இன்றைக்கும் அந்தக் கதவைப் பற்றித்தான் சண்டை. பெரும்பாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் மூன்று மணி நேரத் தேர்வு ஒன்று, ஆங்கிலமும் கணக்கும். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண்தான் வழி என்று 1971-ல் மாநிலச் சட்டமே போட்டிருக்கிறார்கள். நகரத்தின் மொத்த மாணவர்களோடு ஒப்பிட்டால் உள்ளே வரும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகள் மிகக் குறைவு. 2018-ல் அன்றைய மேயர் தேர்வை எடுத்துவிடப் பார்த்தார். இந்தத் தேர்வின் வழியே நிறைய இடம் பிடிப்பவர்கள் ஆசிய வம்சாவளிப் பிள்ளைகள். அவர்களுடைய குடும்பங்கள் பலவும் கடுமையாக எதிர்த்தன. ராப்பகலாகப் பிள்ளையைப் படிக்க வைத்த பெற்றோரின் கோபம் எனக்குப் புரிகிறது. பழைய மாணவரான ரொனால்ட் லாடர் தேர்வைக் காப்பாற்றும் இயக்கத்துக்கே பணம் கொடுத்தார். சட்டம் மாறவில்லை.

என் கட்சி இதுதான்: தேர்வு இருக்கட்டும், அது மட்டுமே போதாது. அந்தப் பள்ளி கொடுத்த பெரிய சொத்து சக மாணவர்கள்தான் என்றால், ரயிலில் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை ஒரே ஒரு காலைப் பொழுது தீர்மானிக்கக் கூடாது. நடுநிலைப் பள்ளியில் மூன்று வருடம் அந்தப் பிள்ளை என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கட்டும். அதற்கு முதலில் 1971-ன் சட்டத்தைத் திருத்த வேண்டும். அது மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.