கொக்கோடாப் பாதையில் கை கொடுத்தவர்கள்

வணக்கம் நேயர்களே. நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். ஆப்கானிஸ்தானில் காயம்பட்டு, மறுவாழ்வுச் சிகிச்சையில் இருந்த ஆஸ்திரேலிய வீரர்கள் சிலரோடு பப்புவா நியூகினியின் கொக்கோடாப் பாதையை நடந்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தூரம் 96 கிலோமீட்டர்தான். ஆனால் ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரைக் கடந்து போவதால் ஏற்றமும் இறக்கமுமாகவே இருக்கும், மழை பெய்துவிட்டால் சேறும் மரவேரும் தவிரக் கால் வைக்க இடம் கிடைக்காது, பெரும்பாலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். இரண்டாம் உலகப் போரில், 1942 ஜூலையில் வடகரையில் இறங்கிய ஜப்பானியப் படை, இன்றைய தலைநகரான போர்ட் மோர்ஸ்பியைப் பிடிக்க இந்த வழியாகத்தான் வந்தது. ஆஸ்திரேலியர்கள் பாதையிலுள்ள இசுராவா கிராமத்தில் தடுத்துப் பார்த்து, இமிட்டா முகடு வரை பின்வாங்கி, பிறகு அங்கிருந்து எதிரியைத் துரத்திப்போய் நவம்பர் 2 அன்று கொக்கோடாவை மீட்டார்கள். 600க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் செத்தார்கள். மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் படுத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

அந்தப் பின்வாங்கலில் ஜான் மெட்சன் என்ற கார்ப்பரலுக்குக் கணுக்காலில் குண்டு பாய்ந்தது. அந்த மலையில் ஒரு ஸ்ட்ரெச்சரைத் தூக்க எட்டுப் பேர் வேண்டும். எனக்காக எட்டுப் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையிலும் முழங்காலிலும் துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று வாரம் காட்டுக்குள் தவழ்ந்தே வந்தார். பிறகு சங்காய் கிராமத்தில் விட்டுச்செல்லப்பட்ட மற்றக் காயக்காரர்களோடு சேர்த்து அவரையும் ஜப்பானியர்கள் கொன்றுவிட்டார்கள்.

இசுராவாவில் இந்தக் கதையைக் கேட்டு எங்கள் ஆட்கள் வெகுநேரம் பேசவில்லை. அந்தப் பிடிவாதம் அவர்களிடமும் இருக்கிறது. அவர்களில் ஒருவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். ஏற்றத்தைச் சமாளித்துவிடுவார், இறக்கம்தான் எமன், ஏனென்றால் செயற்கைப் பாதம் நம் கணுக்கால் மாதிரி மடங்காது, உடம்பின் பாரம் முழுக்க, மீதிக் கால் பொருந்தி உட்காரும் சாக்கெட்டுக்குள் போய் இடிக்கும். நின்ற இடத்திலெல்லாம் காலைக் கழற்றி, மீதிக் காலில் மாட்டும் உறையான லைனருக்குள் தேங்கிய வியர்வையைக் கொட்டி, தோலைத் துடைத்து, எங்கே சிவந்திருக்கிறது என்று இருவரும் பார்ப்போம். கவனிக்காமல் விட்டால் புண்ணாகிவிடும், அப்புறம் நடையே இல்லை.

வழுக்கும் இறக்கத்தில் உள்ளூர்ச் சுமைதூக்கும் இளைஞர் கை நீட்டியபோது செயற்கைக் கால் போட்டவர் முதலில் அந்தக் கையைப் பிடிக்கவே இல்லை. ஒருமுறை சறுக்கி உட்கார்ந்த பிறகும் பிடிக்கவில்லை. வழியில் டெம்பிள்டன் கடவு என்ற இடத்தைத் தாண்டித்தான், "சரி, கையைக் கொடு தம்பி" என்றார். மலையை ஏறி முடித்ததைவிட அந்தக் கணம் எனக்குப் பெரிதாகப் பட்டது. மெட்சனை நான் கும்பிடுகிறேன், ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவருக்கு அந்தப் பிடிவாதம் உதவாது. மனக்காயத்துக்கு மருந்து சாப்பிடுபவர்களிடமும் இதைத்தான் பார்க்கிறேன். உதவி கேட்பதற்குள்ளேயே வருடங்கள் ஓடிவிடுகின்றன.

அன்று காயம்பட்டவர்களைத் தூக்கிய பப்புவா மக்களில் பலர் கிராமங்களிலிருந்து கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். இதையும் எங்கள் ஆட்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று, மாலையில் அந்த இளைஞர்களையே பேசச் சொன்னோம். தாத்தா தூக்கிய கதைகளைச் சொன்னார்கள்.

உங்கள் வீட்டில் காயத்திலிருந்து மீண்டுவரும் ஒருவர் இப்படி நடக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு, பயிற்சியில் ஏறுவதைவிட இறங்குவதற்கு அதிக நாள் ஒதுக்கச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.