மே மாதத்துக்கும் வண்டி வேண்டும்

(சிங்கப்பூரில் ஒரு கார் சங்கத்தின் ஆண்டிறுதிக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

சங்கத்து உறுப்பினர்களுக்கும், அவர்களோடு வந்திருக்கும் பெரியவர்கள், பிள்ளைகள் அனைவருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நம் சங்கம் இதுவரை தீபாவளியை ஒட்டித்தான் அறப்பணி செய்து வந்திருக்கிறது. வரும் ஆண்டிலிருந்து அதன் பெரும்பகுதியை மே, ஜூலை மாதங்களுக்கு மாற்ற வேண்டும் என்று செயற்குழு சார்பில் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பண்டிகைக் காலத்தை விட்டுவிட்டு யாராவது மே மாதத்தில் தானம் செய்வார்களா என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். காரணத்தைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அதற்கு முன்னால், புதிதாகச் சேர்ந்திருக்கும் இளையர்களுக்காக ஒரு விளக்கம். எப்போது பார்த்தாலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலுமே ஏன் கூடுகிறோம் என்று கேட்டிருந்தீர்கள். வேலையும் பள்ளிக்கூடமும் மட்டும் காரணமில்லை. நம்மில் சிலர் சிவப்பு எண் பலகை போட்ட, நெரிசல் இல்லாத நேரத்துக்கான கார் வைத்திருக்கிறார்கள். வார நாளில் காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை அந்தக் காரை வெளியே எடுத்தால் அன்றைக்கு 20 வெள்ளி கட்ட வேண்டும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை என்றால் கட்டத் தேவையில்லை. 35 வயதைத் தாண்டிய பழைய கார்களை கிளாசிக் திட்டத்தில் பதிந்து வைத்திருக்கிறவர்களுக்கோ ஆண்டுக்கு 45 நாள்தான் சாலை. ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் இஆர்பி எனும் மின்னியல் சாலைக் கட்டணம் இல்லாத நாட்கள். ஆக, நம்முடைய எல்லா வகைக் கார்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் கூடிய நாள் விடுமுறை நாள்தான்.

45 நாள் என்றால் மாதத்துக்கு நாலு நாள்கூடத் தேறாது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் மோரிஸ் மைனர் என்ற தன் பழைய பிரிட்டிஷ் காருக்குக் கிடைத்த நாட்களில் ஒன்றை இந்த ஆண்டு, முதியவர்களைப் பராமரிக்கும் ஈசூன் பக்கத்துத் தாதிமை இல்லத்துக்காகக் கொடுத்தார். அவர் கொடுத்தது எவ்வளவு பெரிது என்பது கார் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் புரியும்.

இந்தத் தீவில் முதல் மோட்டார் கார் வந்து இறங்கியது 1896-ல். 1907-லேயே கார்க்காரர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்துவிட்டார்கள். இன்றைய சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கம் அதிலிருந்து வந்ததுதான். அப்போது கார் என்பது பெரிய மனிதர்களின் பொருள். 1990-ல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்த பிறகு, பத்து ஆண்டு ஓட்டுவதற்கான அந்தச் சான்றிதழுக்கே என்ன விலை கொடுக்கிறோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை சின்ன ஊரில் சாலை அடைபடாமல் இருக்க அப்படி ஒரு முறை தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நம் சட்டைப்பையில் இருக்கும் சாவி இந்த ஊரில் பலருக்குக் கைக்கெட்டாத சாவி. அதனால் நம்மைப் போன்ற ஒரு சங்கம் பிறருக்குக் கொடுக்க முடிந்ததில் மதிப்பானது காசோலையைவிட வண்டியில் ஓர் இருக்கையும், ஓட்ட ஓர் ஆளும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, தீபாவளிக் கூடலுக்கு வருவோம். காலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடந்தது நன்றாகவே நடந்தது. முறுக்கும் அதிரசமும் வழக்கம்போல மிஞ்சின. பிள்ளைகள் பானெட்டைத் திறந்து எது ரேடியேட்டர், எது பேட்டரி என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். யாரும் எஞ்சினை ஓடவிட்டு நிற்கவில்லை. அது சட்டப்படியும் குற்றம், பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கும் தொல்லை. புகைபோக்கியை மாற்றிச் சத்தம் ஏற்றிய வண்டிகளைச் சங்கக் கூடலுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தோம். கேட்டு நடந்தீர்கள், நன்றி.

ஆனால் நான் விரிவாகச் சொல்ல நினைப்பது அதற்கு முந்திய ஒரு ஞாயிறு மாலையைப் பற்றி. தாதிமை இல்லத்துப் பெரியவர்களை நம் கார்களில் ஏற்றிக்கொண்டு தீபாவளி விளக்கு பார்க்கப் போனோம். சிலிகி சாலை வழியாக வந்து, தேக்கா சந்தையைத் தாண்டி, வீரமாகாளியம்மன் கோயில், பெருமாள் கோயில் என்று சிராங்கூன் சாலையில் நத்தை வேகம். மற்ற நாளாக இருந்தால் அந்த நெரிசலில் நமக்குப் பொறுமை போயிருக்கும். அன்றைக்கு நெரிசல் இருந்ததே நல்லதாகப் போயிற்று. கண்ணாடியை இறக்கிவிட்டு, மல்லிகை வாசத்தையும் கடைகளின் சத்தத்தையும் உள்ளே வரவிட்டு, நிதானமாகப் பார்த்தார்கள். காளியம்மன் கோயிலைத் தாண்டும்போது பின்னிருக்கையிலிருந்த பாட்டி இரண்டு கையையும் கூப்பி, கார் நகர்ந்து கோபுரம் மறையும்வரை இறக்கவில்லை.

என் வண்டியில் முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். அதிகம் பேசவில்லை. ஆனால் முன்னால் போகிற காரின் பிரேக் விளக்கு எரியும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரைவிரிப்பை அழுத்தியது. விளக்கு பச்சைக்கு மாறியதும் இடது கை முழங்காலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் அசையும், கியர் போடுவதுபோல. வழி முழுக்க அவரும் என்னோடு ஓட்டிக்கொண்டே வந்தார். திரும்பி வந்ததும் மோரிஸ் மைனரிடம்தான் போனார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சினைக் கொஞ்சம் போட்டுக் காட்டச் சொல்லி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, எஞ்சின் வால்வை இயக்கும் டேப்பெட்டைப் பார்க்கச் சொன்னார். அப்புறம் அவரும் கார்க்காரரும் பேசிய பேச்சில் இரவுச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. தாதி வந்து அழைத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அந்தத் தாதி சொன்ன விஷயம்தான் இன்றைய கோரிக்கைக்குக் காரணம். நாம் கொண்டுபோன பலகாரப் பெட்டிகளை இறக்க வந்தவர், கிடங்கைத் திறந்து காட்டினார். பிஸ்கட் டின்னும் இனிப்புமாக நிறைந்து கிடந்தது. அங்கே இருக்கும் பலருக்குச் சர்க்கரை வியாதி. பாதிக்கு மேல் அவர்கள் வாயில் வைக்கக் கூடாத பொருள். தீபாவளி, கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் என்று வரும்போது யார் எந்தத் தேதியில் வருவது என்று அட்டவணை போட்டுச் சமாளிக்க வேண்டியிருக்கிறதாம். அதெல்லாம் ஓய்ந்துவிட்டால் மாதக்கணக்கில் வாசலில் ஒரு கார் நிற்காது. அந்த மாதங்களில்தான் பெரியவர்கள் வெளியே போகலாமா என்று அதிகம் கேட்கிறார்கள் என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அதனால் செயற்குழுவில் பேசி இப்படி ஒரு யோசனைக்கு வந்திருக்கிறோம். விளக்கு பார்க்கும் பயணம் தீபாவளிக்குத்தான் நடக்கும், அது தொடரட்டும். ஆனால் பலகாரப் பெட்டி வேண்டாம். அந்தப் பணத்தையும் ஆட்களையும் மே, ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒதுக்குவோம். சாங்கி கடற்கரையில் விமானம் இறங்குவதைப் பார்க்கலாம். தேக்காவுக்குப் போய் அவர்கள் கையாலேயே பூவும் வெற்றிலையும் வாங்கட்டும். வாங்கித் தருவது வேறு, பேரம் பேசித் தானே வாங்குவது வேறு. பொருளாகத் தருவதென்றால் பெரியவர்களுக்கான டயப்பர், வாசனை சேர்க்காத லோஷன், சர்க்கரை நோயாளிகள் குடிக்கக் கூடிய பால் மாவு. அதையும் இல்லத்தைக் கேட்டுவிட்டே வாங்குவோம்.

ஓட்ட வருகிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் இதற்கு ஒத்துவராது; முட்டி மடக்க முடியாதவர் அதிலிருந்து எழ முடியாது. இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்கும் வண்டியே நல்லது. சக்கர நாற்காலியைக் கதவோரம் சாய்வாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பிரேக் போட்டு, கால் வைக்கும் தட்டை மடக்கிவிடுங்கள். முன்னிருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளுங்கள். முதலில் அவர் பக்கவாட்டில் உட்காரட்டும், அப்புறம் காலை உள்ளே திருப்பலாம். உங்கள் ஒரு கை கதவின் மேல்விளிம்பில் இருக்க வேண்டும். தலை இடிப்பது அங்கேதான். அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், தோள்பட்டை இறங்கிவிடும். யார் வரலாம், யார் வரக் கூடாது என்பதை இல்லத்துத் தாதியர்தான் முடிவு செய்வார்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பயிற்சி தரத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயிற்சிக்கு வராதவர் ஓட்ட வேண்டாம். கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள்.

வசதி குறைந்தவர்கள் இருக்கும் வாடகை வீடுகளுக்கு மளிகைப் பை கொண்டுபோகும் வேலையும் உண்டு. தாழ்வான கார்க்காரர்கள் இதற்கு வரலாம். பத்துக் கிலோ அரிசி மூட்டை பார்க்கப் பெரிதாக இருக்கும், தனியாக இருக்கும் பாட்டிக்கு அதை நகர்த்தவே முடியாது. ஐந்து கிலோ போதும். தகர டின் என்றால் வளையம் இழுத்துத் திறப்பதாகப் பாருங்கள். மலாய் வீடுகளும் இருப்பதால் எல்லாமே ஹலால் முத்திரை உள்ளதாக வாங்கிவிட்டால் குழப்பமில்லை. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வாசலில் பையை நீட்டிக்கொண்டு படம் எடுக்காதீர்கள். வாங்குகிறவர் முகம் நம் கைப்பேசியில் இருக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை.

பண விஷயம். பொது இடத்தில் உண்டியல் ஏந்துவதற்கு அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். எந்த உறுப்பினரும் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் தன் சொந்த பேநவ் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லவும் கூடாது. கொடுக்க நினைப்பவர் அந்த அறநிறுவனத்துக்கே நேரடியாகத் தன் பெயரில், அடையாள அட்டை எண்ணோடு கொடுக்கட்டும். அது பொது நலத் தகுதி பெற்ற நிறுவனமாக இருந்தால் வரிக்கழிவும் தானாக வந்து சேரும்.

வரும் நிகழ்ச்சிகளைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் பொங்கல். நம் உறுப்பினர் ஒருவரின் தரைவீட்டு முற்றத்தில் பானை வைக்கிறோம். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து இங்கே கட்டடம் கட்டும் நம் தம்பிகளை, சுங்கை காடுட், துவாஸ் பக்கத்து விடுதிகளுக்குப் போய் அழைத்து வருவோம். அவர்கள் விருந்தாளிகள். உட்கார வைத்து நாம்தான் பரிமாற வேண்டும். பொங்கல் கிண்டுவது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், தாங்களாக ஆசைப்பட்டால் கரண்டியைக் கொடுப்போம்.

தைப்பூசத்தன்று சங்க நிகழ்ச்சி இல்லை. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை காவடி போகும் பாதையில் சாலைகளை மூடுவார்கள். காரை வீட்டில் விட்டுவிட்டு ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கி நடங்கள்.

மார்ச் பள்ளி விடுமுறையில் மலாக்கா. புறப்படும்போது முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதி எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டு வாகனங்களுக்கான மலேசியாவின் விஇபி நுழைவு அனுமதி இல்லாத காருக்கு 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம் போடுகிறார்கள், அதை இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ரான்95 வகைப் பெட்ரோல் நமக்கில்லை, ரான்97தான் போட வேண்டும். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் போய் மாட்டிக்கொள்ளாமல் துவாஸ் இரண்டாம் பாலம் வழியாகவே போவோம். எல்லாக் கார்களும் ஒரே வரிசையாகப் போக வேண்டாம். நடுவில் வேறு வண்டி புகுந்தால் விட்டுப்போய்விடுவோமோ என்று பயந்து வேகமெடுப்பதில்தான் ஆபத்து. நான்கைந்து காராகப் பிரிந்து போய், பாகோ ஓய்விடத்தில் சேர்ந்துகொள்வோம். மழை கொட்டினால் ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும். 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைவான பிள்ளைகளுக்கு அதற்கேற்ற இருக்கை கட்டாயம் கொண்டுவாருங்கள்.

மின்சாரக் கார் வைத்திருக்கும் உறுப்பினர்களும் மலாக்காவுக்கு வருகிறார்கள், அவர்களுக்காக மின்னூட்டம் கிடைக்கும் இடத்தில் மதியச் சாப்பாட்டை வைத்திருக்கிறோம். 2025 தொடக்கத்திலிருந்து புதிய டீசல் கார் பதிவே இங்கே கிடையாது. 2030 முதல் பதிவாகும் புதிய கார்கள் எல்லாமே தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் ஓட்டப் போவது அந்தக் கார்களைத்தான். எஞ்சின் சத்தம் இல்லாத வண்டி சங்கத்துக்கு எதற்கு என்ற பேச்சு இனி வேண்டாம்.

ஜூனில் அப்பர் தாம்சன் பழைய சாலை. 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் ஓடியது அந்தப் பக்கத்துச் சாலைகளில்தான், ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மரத்திலும் வேலியிலும் ஏறி நின்று அந்தப் பந்தயத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் யாராவது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் அழைத்து வாருங்கள். வளைவில் நின்று அவர்கள் வாயால் கேட்போம். வேகம் காட்டும் இடம் இல்லை அது. குரங்குகள் சாலையைக் கடக்கும், நடைப்பயிற்சி செய்கிறவர்கள் இருப்பார்கள்.

மே, ஜூலைத் திட்டத்துக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் கை தூக்கி வாக்கெடுக்கலாம். வாசல் மேசையில் ஒரு தாள் இருக்கிறது. உங்கள் காரில் எத்தனை இருக்கை காலியாக இருக்கும், எந்த ஞாயிறு வர முடியும் என்று இரண்டே கேள்விதான். வாக்கு எப்படிப் போனாலும் தாளை நிரப்பிவிட்டுப் போங்கள். பயிற்சிக்கு எத்தனை பேர் வருகிறோம் என்று அந்தத் தாதிக்கு நான் இந்த வாரமே சொல்லியாக வேண்டும். பிள்ளைகளும் பெரியவர்களும் முதலில் சாப்பிடப் போகலாம், வணக்கம்.