கொரியப் போரை யார் தொடங்கினாங்க? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த சந்தேகம். ஒரு நேயர் கேக்கறாரு: "கொரியப் போர்ல முதல்ல அடிச்சது வட கொரியா. கம்யூனிசத்தைப் பரப்பத்தானே அந்தச் சண்டை? நீங்க எதுக்கு அமெரிக்காவையும் இழுக்கறீங்க?"

முதல்ல அடிச்சது வடக்குதான், அதுல மாத்துக் கருத்தே இல்லீங்க. 1950 ஜூன் 25, ஞாயித்துக்கிழமை விடியக்காலை. ஆனா வினை அஞ்சு வருஷம் முன்னாடியே விதைச்சாச்சு.

1945 ஆகஸ்ட். ஜப்பான் சரணடையப் போகுது. 1910-லேர்ந்து ஜப்பான்கிட்ட இருந்த கொரியாவுக்குள்ள சோவியத் படை இறங்குது. வாஷிங்டன்ல ராத்திரியோட ராத்திரியா டீன் ரஸ்க், போன்ஸ்டீல்னு ரெண்டு ராணுவ அதிகாரிங்களைக் கூப்பிட்டு, "கொரியாவைச் சோவியத்தும் நாமளும் எங்க பிரிச்சுக்கலாம்?"னு கேக்கறாங்க. அவங்க பாத்தது ஒரு நேஷனல் ஜியோகிராபிக் மேப். தலைநகர் சியோல் அமெரிக்கா பக்கம் வரணும், அதான் முக்கியம். போட்டாங்க 38-வது அட்சரேகையில கோடு. கொரியாக்காரங்க ஒருத்தரைக் கூடக் கேக்கலை.

மேற்குல ஓங்ஜின்னு ஒரு தீபகற்பம் இருக்கு, மேப்ல பாருங்க. கோட்டுக்குத் தெற்க இருக்கறதால அது தென் கொரியாவுக்குப் போச்சு. ஆனா தெற்குலேர்ந்து அங்க தரை வழியாப் போகணும்னா வடக்கைத் தாண்டணும்! 1949-லயே அங்க ரெண்டு தரப்பும் மோதிக்கிட்டாங்க.

1948-ல ரெண்டு அரசாங்கம் வந்துச்சு. ரெண்டுமே "மொத்த நாடும் எனக்கு"ன்னுச்சு. தெற்குல அதிபர் சிங்மேன் ரீயும் லேசுப்பட்டவர் இல்ல. டாங்கி கொடுத்தா இவரே வடக்க கிளம்பிடுவாருன்னு பயந்து அமெரிக்கா கொடுக்கவே இல்ல. வடக்குல தலைவர் கிம் இல் சுங்குக்கு ஸ்டாலின் டி-34 டாங்கியாக் கொடுத்தாரு.

"தெற்க அடிக்கட்டுமா?"ன்னு கிம் 1949-ல கேட்டப்ப ஸ்டாலின் வேண்டாம்னுட்டாரு. 1950-ல சரின்னாரு. நடுவுல என்ன ஆச்சு? சோவியத் அணுகுண்டை வெடிச்சுப் பாத்துச்சு, மாவோ சீனாவைப் பிடிச்சாரு, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அச்செசன் அமெரிக்கா எதுவரைக்கும் காப்பாத்தும்ங்கற பாதுகாப்பு எல்லையைப் பத்திப் பேசறப்ப கொரியாவை விட்டுட்டாரு. நிறையப் பேர் அச்செசன் பேச்சைத்தான் பிடிச்சுக்குவாங்க. எனக்கு மாவோ ஜெயிச்சதுதான் பெருசாத் தெரியுது. ஏன்னா, "மாவோகிட்டயும் சம்மதம் வாங்கு"ன்னு கிம்மை அனுப்பினதே ஸ்டாலின்தான். உதைபட்டா தாங்க இன்னொரு ஆள் வேணுமில்ல!

அதனால, கம்யூனிசம்ங்கறது பாதி பதில்தாங்க. கிம்முக்கு அது நாட்டை ஒண்ணாக்கற சண்டை. அதை உலகச் சண்டையாப் பாத்தது அமெரிக்க அதிபர் ட்ரூமன். இங்க விட்டா அடுத்து எங்கயோன்னு அவருக்குப் பயம்.

அப்புறம், அந்த ஓங்ஜின் இப்ப வட கொரியாவுல இருக்குங்க.